விண்வெளிக் கொள்ளையர் எங்கே காத்திருப்பார்கள்?

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை, கடற்கரை, பழைய தேவாலயம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பூம்புகாருக்கோ திருக்கடையூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கோட்டையில் இருந்தவர்கள் ஒரு காலத்தில் கப்பல்களைப் பிடித்துப் பிழைத்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வந்து அமர்ந்தது. வியாபாரம் நினைத்தபடி நடக்கவில்லை. தாய்நாட்டில் போர், பணமுடை. 1640 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. தரங்கம்பாடிக்காரர்கள் பழைய இழப்புகளுக்கு ஈடு கேட்டு 1642-இல் வங்காளத்து முகலாயர்கள் மீது போர் என்று அறிவித்தார்கள். அந்தப் பக்கத்துக் கப்பல்களை வங்கக் கடலில் மறித்துச் சரக்கை எடுத்து விற்றார்கள். சமாதானம் ஆனது 1698-இல்தான்.

இதை அப்படியே விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். செவ்வாய்க்கு அப்பால் ஒரு சின்னக் குடியேற்றம். அனுப்பிவைத்த கம்பெனி நொடித்துவிட்டது. வரவேண்டிய சரக்குக் கலம் வருவதாக இல்லை. ஆனால் வேறு யாருடைய கலங்களோ நிறைந்த சரக்கோடு பக்கத்தில் நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகின்றன. விண்வெளிக் கொள்ளை என்ற கருத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அறிவியல் புனைவு எழுதத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கொள்ளையனின் கலத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதன் வேகம், அதன் ஆயுதம், தலைவனின் முகத்துத் தழும்பு. எழுத உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது அத்தியாயத்தில் கதை தடுமாறும். அவன் சரக்கை எங்கே கொண்டுபோய் விற்கிறான், எரிபொருள் யார் தருகிறார்கள், இத்தனை நாள் யாரும் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்காது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: கப்பலை அப்புறம் வரைந்துகொள்ளலாம், முதலில் துறைமுகத்தை வரையுங்கள். கொள்ளை ஒரு தொழில். அதற்குப் போக்குவரத்துள்ள வழி வேண்டும், அந்த வழியில் எல்லோரும் நின்றே ஆகவேண்டிய இடம் வேண்டும், திருட்டுச் சரக்கைக் கேள்வி கேட்காமல் வாங்கும் ஆள் வேண்டும்.

சட்டத்தில் கொள்ளை

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். கதைக்கு இது எவ்வளவு தீனி போடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கடற்கொள்ளைக்கு உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட வரையறை, 1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101-ஆவது பிரிவில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு தனியார் கப்பலில் இருப்பவர்கள், சொந்த ஆதாயத்துக்காக, எந்த நாட்டின் அதிகாரத்துக்கும் உட்படாத கடலில், இன்னொரு கப்பல் மீது நடத்தும் வன்முறை அல்லது சூறையாடல். இதில் ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு கதை முடிச்சு. இன்னொரு கப்பல் இருக்கவேண்டும் என்பதால், ஊழியர்களே சேர்ந்து தங்கள் கப்பலைக் கைப்பற்றினால் அது கலகம், கொள்ளை ஆகாது. சொந்த ஆதாயம் என்பதால், ஓர் அரசு தன் கடற்படையை வைத்து இதையே செய்தால் அதற்கு வேறு பெயர். துறைமுகத்துக்குள்ளேயே நடந்தால் அது அந்த ஊர்க் காவல்துறையின் வழக்கு.

கடலில் இன்னொரு வசதியும் உண்டு. நடுக்கடலில் கொள்ளைக் கப்பலை எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம். பிடித்த பிறகு எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது என்பதுதான் சிக்கல். இந்தியாவுக்கு இதற்கென்று தனிச் சட்டம் 2022-இல்தான் வந்தது. 2024 மார்ச்சில் ஐ.என்.எஸ். கொல்கத்தா, கடத்தப்பட்டிருந்த 'ரூயென்' என்ற சரக்குக் கப்பலை மீட்டு, 35 சோமாலியக் கொள்ளையரை மும்பைக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தது. அந்த வழக்குக்கு அடித்தளம் அந்தச் சட்டம்தான்.

விண்வெளியில் நிலைமை வேறு. 1967-இன் விண்வெளி ஒப்பந்தம், வானத்தில் உள்ள எதையும் எந்த நாடும் தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. ஒரு கலம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் அதிகாரம் அதன் மேல் தொடரும். தனியார் கம்பெனி அனுப்பியதற்கும் அந்த நாடே பொறுப்பு. கொள்ளை பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. இன்னொரு நாட்டின் ரோந்துக் கலம் வந்து உங்கள் நாட்டில் பதிவான திருட்டுக் கலத்தைப் பிடித்தால், அது காவலா, அத்துமீறலா? இதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

1968-இல் இன்னோர் ஒப்பந்தமும் வந்தது. ஆபத்தில் இருக்கும் விண்வெளி வீரர்களுக்கு உதவ வேண்டும் என்கிற ஒப்பந்தம். மனிதர்கள் செய்துகொண்ட நல்ல ஒப்பந்தங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். கொள்ளையன் இதைத்தான் முதலில் பயன்படுத்துவான். 'காற்று தீர்கிறது, காப்பாற்றுங்கள்' என்று ஒரு கூப்பாடு. பதில் சொல்லாமல் போக எந்தக் கலத்துக்கு மனம் வரும்?

துரத்திப் பிடிக்க முடியுமா?

இங்கேதான் பெரும்பாலான கதைகள் வழுக்கி விழுகின்றன. கடலில் வேகமான படகு மெதுவான படகைத் துரத்திப் பிடித்துவிடும். விண்வெளியில் வேகம் மட்டும் போதாது.

விண்வெளியில் இரண்டு கலங்களை இணைத்துப் பார்த்த நம் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் சோதனையை நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 30 அன்று ஒரே ராக்கெட்டில் இரண்டு சிறு செயற்கைக்கோள்கள் போயின. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. ஒன்றுக்குத் துரத்துவது, இன்னொன்றுக்கு இலக்கு என்றே பெயர். இரண்டும் நம்முடையவை. இரண்டும் சேர்வதற்கென்றே செய்யப்பட்டவை. தரையிலிருந்து விஞ்ஞானிகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும் நடுவில் சில தள்ளிவைப்புகள். கடைசியில் அவை இணைந்தது 2025 ஜனவரி 16 அன்று. சேர விருப்பமுள்ள இரண்டு கலங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. விருப்பமில்லாத ஒரு கலம், தன் எஞ்சினை லேசாகத் தட்டிவிட்டு விலகிக்கொண்டே இருந்தால்?

அடிப்படை இதுதான். பூமிக்குப் பக்கத்துச் சுற்றுப்பாதையில் ஒரு கலம் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் அளவு வேகத்தில் போகிறது. சுமார் 90 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். உங்களுக்கு முன்னால் அதே பாதையில் போகும் கலத்தைப் பிடிக்க எஞ்சினை முடுக்கினால், நீங்கள் இன்னும் உயரமான பாதைக்கு ஏறிவிடுவீர்கள். உயரமான பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகும். ஆகவே பின்தங்குவீர்கள். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கி, உள்வட்டத்தில் முந்திப் போய், பிறகு சரியான கணத்தில் மேலே ஏற வேண்டும். முதல் தடவை கேட்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

பாதையின் சாய்வு வேறாக இருந்தால் கதையே முடிந்தது. உங்கள் பாதையை 60 டிகிரி திருப்ப, உங்களிடம் இப்போது இருக்கும் மொத்த வேகத்துக்குச் சமமான உந்துதல் தேவை. பூமியிலிருந்து மறுபடி ஒருமுறை கிளம்புவதற்குக் கிட்டத்தட்ட ஈடான வேலை அது. திருப்பாமல் குறுக்கே போனால் என்ன ஆகும் என்பதை 2009 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. இரிடியம் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றும், செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றும் நொடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதின. மிஞ்சியது ஆயிரக்கணக்கான துண்டுகள். கொள்ளையனுக்குத் துண்டுகளால் பயனில்லை. அதே திசையில், அதே வேகத்தில், கலத்தோடு கலமாக ஒட்டி நின்றால்தான் உள்ளே ஏற முடியும்.

சரி, கோள்களுக்கு இடையே நடுவழியில் மறிக்கலாமே என்று தோன்றும். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பூமியிலிருந்து செவ்வாய்க்குச் சிக்கனமான பாதையில் போக எட்டரை, ஒன்பது மாதம் ஆகும். அந்தப் பாதைக்கான வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். சரக்குக் கலம் அந்தப் பாதையில் போகிறது. அதை எட்டிப் பிடித்து ஒட்டி நிற்கிற கொள்ளையன், அந்தக் கணத்திலிருந்து அதே பாதையில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறான். அதாவது அவனும் செவ்வாய்க்குத்தான் போகிறான்! சரக்கு எந்தத் துறைக்குப் போய்ச் சேருமோ, அதே துறைக்கு, அதே நாளில் அவனும் போய்ச் சேருவான். அங்கே காவலர்கள் மாதக்கணக்காகக் காத்திருப்பார்கள்.

தப்பிக்க வேண்டுமானால் பாதையை மாற்ற வேண்டும். அதற்கு, வந்ததற்குச் சமமாக எரிபொருள் வேண்டும். திருடிய சரக்கின் எடையும் இப்போது கூடியிருக்கிறது. அவ்வளவு எரிபொருளும் அவ்வளவு நல்ல எஞ்சினும் ஒருவனிடம் இருக்கிறதென்றால் அவன் பஞ்சத்தில் அடிபட்ட கொள்ளையன் இல்லை. அவனுக்குப் பின்னால் ஓர் அரசோ, பெரிய கம்பெனியோ நிற்கிறது. உங்கள் கதையில் நடுவழிக் கொள்ளை வந்தால், வாசகர் அந்தப் பின்னணி ஆளைத் தேடத் தொடங்கிவிடுவார். அதற்குத் தயாராக இருங்கள்.

ஒளிந்திருப்பதும் லேசில்லை. விண்வெளியின் பின்னணி வெப்பம், இருக்கக்கூடிய குளிரின் அடிமட்டமான முழுப் பூஜ்யத்துக்கு மூன்று டிகிரிகூட மேலே இல்லை. ஆட்கள் வாழும் கலம் நம் வீட்டு அறை அளவுக்குச் சூடாக இருக்கும். அகச்சிவப்புக் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரியும். எஞ்சினை எரித்தால் கேட்கவே வேண்டாம். படங்களில் காட்டுகிற மாதிரி சிறுகோள் பட்டையில் பாறைக்குப் பாறை ஒளிந்து விளையாடவும் முடியாது. அங்கே இரண்டு பாறைகளுக்கு நடுவே சராசரியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. ஆகவே விண்வெளிக் கொள்ளையன் ஒளிய வேண்டிய இடம் பதிவேடு. போலிப் பெயர், போலிப் பதிவு எண், நேர்மையான சரக்குக் கலத்தின் அடையாளச் சமிக்ஞை. இன்றைய கடலிலேயே கப்பல்கள் தங்கள் இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவைப்பதும், பொய்யான இடத்தைக் காட்டுவதும் நடக்கிறது.

மதகில் நிற்பவன்

அப்படியானால் எங்கேதான் கொள்ளை நடக்கும்? டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஆற்றில் ஓடும் தண்ணீரை நடு ஆற்றில் நின்று யாரும் மறிப்பதில்லை. தகராறு எல்லாம் மதகில்தான். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், ஷட்டர் யார் கையில், கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பதில்தான் ஊரே நிற்கிறது. விண்வெளி வழிகளுக்கும் மதகுகள் உண்டு. எரிபொருள் நிரப்பும் தளம் ஒன்று. கோளை நெருங்கி வேகத்தைக் குறைத்துச் சுற்றுப்பாதைக்குள் நுழையும் கட்டம் ஒன்று. அப்போது கலத்தால் வேறு எதுவும் செய்ய முடியாது. துறையில் இடம் கிடைக்காமல் வரிசையில் காத்திருக்கும் நாட்கள் இன்னொன்று. அப்புறம் லக்ராஞ்சுப் புள்ளிகள். இரு பெரிய உருண்டைகளின் ஈர்ப்பும், அவற்றோடு சேர்ந்து சுற்றும் இயக்கமும் சமன்படுவதால், கொஞ்ச எரிபொருளிலேயே நிலைகொள்ளக்கூடிய ஐந்து இடங்கள் அவை. சூரியனை ஆராயும் நம் ஆதித்யா-எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி அப்படி ஓர் இடத்தைச் சுற்றி வருகிறது; 2023 செப்டம்பரில் கிளம்பி 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. எதிர்காலத்தில் கிடங்குகள் அமைக்க ஏற்ற இடங்கள் இவை. கிடங்கு இருக்கும் இடத்துக்குக் கண் வைப்பவர்களும் வருவார்கள்.

ஒளியை மிஞ்சும் பயணம் உள்ள உலகை நீங்கள் படைத்தாலும் இதே கேள்விதான். வாயில்கள் வழியாகத்தான் போகமுடியும் என்றால் வாயில்தான் மதகு. எங்கிருந்தும் எங்கும் தாவலாம் என்றால் கொள்ளைக்கு இடமே இல்லாமல் போய்விடும். தாவலுக்கு ஏதாவது ஒரு கட்டுப்பாடு வைத்தே தீரவேண்டும்.

மதகில் நிற்பவன் சுடவேண்டிய அவசியம்கூட இல்லை. மலாக்கா நீரிணையின் மிகக் குறுகலான பகுதி மூன்று கிலோமீட்டர் அகலம்கூட வராது. சீனத்துக்குப் போகும் கடல்வழி அதைத் தொட்டுத்தான் போகும். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசு அந்த இடத்தில் உட்கார்ந்து வந்துபோகும் வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது. 1025-இல் ராஜேந்திர சோழன் அந்தப் பேரரசின் கடாரத்தின் மேல் படையெடுத்ததற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் அதே ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார்கள், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். ஒரு தலைமுறைக்குள் உறவு எப்படித் திரும்பிவிட்டது பாருங்கள். துறைமுகங்களுக்கு இடையிலான நட்பும் பகையும் உங்கள் கதையில் இந்த வேகத்தில் மாறினால் அது மிகையில்லை.

எதை எடுப்பார்கள், யார் வாங்குவார்கள்

கோடியக்கரைப் பக்கம் மீன்பிடிக்கப் போகிற நாகை மாவட்டத்து ஃபைபர் படகுகள் கடற்கொள்ளையரிடம் சிக்கிய செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆறுகாட்டுத்துறை, செருதூர், வெள்ளப்பள்ளம் என்று ஊர்ப் பெயர் மாறும், சேதி ஒன்றுதான். எதைப் பறித்தார்கள் என்ற பட்டியலைக் கவனியுங்கள்: வலை, ஜிபிஎஸ் கருவி, வாக்கி டாக்கி, செல்போன், எஞ்சின், பிடித்த மீன். பெரும்பாலானவை தொழில் சாமான்கள். அன்றைக்கே பயன்படுத்தலாம், அல்லது மறுநாளே கைமாற்றலாம். பறிகொடுத்தவருக்கோ அந்த வலை வாங்கிய கடன் அப்படியே நிற்கும். வெட்டுக்காயத்தோடு கரைக்கு வந்தவர்களை மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம், கொள்ளையனை வெறும் குறும்புக்கார வீரனாகக் காட்டும் கதைகள் மேல் எனக்குக் கோபம் வரும். உங்கள் கதையில் கொள்ளை போனவர்களுக்கும் ஒரு முகம் கொடுங்கள்.

விண்வெளிக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். பத்தாயிரம் டன் இரும்புத் தாதை எவனும் திருடமாட்டான். அதை நகர்த்தும் எரிபொருள் செலவுக்கு அது பெறாது. எடை குறைவாக, உடனே தேவைப்படுவதாக, அங்கேயே செய்துகொள்ள முடியாததாக இருப்பவற்றுக்குத்தான் ஆபத்து. மருந்து, கணினிச் சில்லுகள், காற்றைச் சுத்தம் செய்யும் வடிகட்டிகள், மின்னுந்து எஞ்சின்களுக்கான செனான் வாயு, விதைகள்.

ஆட்களைப் பிணை வைத்துப் பணம் கேட்பது இன்னொரு வகை. சோமாலியக் கடலோரத்தில் நடந்தது பெரும்பாலும் இதுதான். கப்பலைக் கரையோரம் நங்கூரம் போட்டு நிறுத்தி, மாதக்கணக்கில் பேரம் பேசுவார்கள். சரக்கைத் தொடுவதேயில்லை. இதை விண்வெளிக்குக் கொண்டுபோனால் ஒரு சிக்கல்: பிணைக்கைதிகளுக்கும் மாதக்கணக்கில் காற்றும் தண்ணீரும் சோறும் யாராவது தரவேண்டும். கரையில் ஆடு மேய்ப்பவரும் கடைக்காரரும் இருந்ததால்தான் அங்கே அது நடந்தது. வெற்றிடத்தில் அந்தக் கடைக்காரர் யார்?

வாங்குகிறவர் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் காவிரிப்பூம்பட்டினம் நினைவுக்கு வரும். பட்டினப்பாலை அந்தத் துறைமுகத்தில் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகள் மீது சோழரின் புலி முத்திரை குத்திக் குவித்துவைத்திருந்ததைச் சொல்கிறது. முத்திரை விழுந்த மூட்டைக்குத் தீர்வை கட்டியாயிற்று, அரசன் காவல் உண்டு என்று பொருள். விண்வெளிக் காலத்தில் ஒவ்வொரு வடிகட்டியிலும் ஒவ்வொரு சில்லிலும் எண் இருக்கும், தயாரித்தவரின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். ஆகவே திருட்டுச் சரக்குச் சந்தையில் மிக முக்கியமான ஆள் அந்த அடையாளத்தை அழித்துப் புதிதாக எழுதத் தெரிந்தவர். துப்பாக்கி தூக்கியவர்களைவிட அவர் அதிகம் சம்பாதிப்பார். அவருக்கு நல்ல வீடு இருக்கும், பிள்ளைகள் படிக்கும். ஊரில் மரியாதையும் இருக்கும். எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய அருமையான பாத்திரம் அது, இன்னும் சரியாக எழுதப்படாத பாத்திரமும்கூட என்பது என் எண்ணம்.

கொள்ளையன் என்று சொல்வது யார்

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் கடல்களில் கர்தாஸ் என்றொரு அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். பணம் கட்டி அந்தச் சீட்டை வாங்காத கப்பலைப் பிடிப்பார்கள், சரக்கைப் பறிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் ஓடிய மரக்காயர்களும் செட்டிகளும் திடீரென்று சட்டவிரோதிகள் ஆனார்கள். நாகப்பட்டினம் 1658-இல் டச்சுக்காரர் கைக்கு மாறும்வரை போர்ச்சுகீசியர் இங்கே இருந்தார்கள். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தளபதிகளான குஞ்ஞாலி மரக்காயர்களை அவர்கள் கொள்ளையர் என்றே எழுதினார்கள். நான்காம் குஞ்ஞாலி 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார். இன்று மும்பையில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றுக்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்று பெயர்.

ஐரோப்பாவில் அரசுகளே தனியார் கப்பலுக்கு உரிமம் கொடுத்து எதிரி நாட்டுக் கப்பலைக் கொள்ளையடிக்க அனுப்பின. 1856-இல் பாரிஸ் பிரகடனம்தான் அதை ஒழித்தது. உங்கள் கதை உலகிலும் ஒரே கலம், பூமியின் பதிவேட்டில் கொள்ளைக் கலமாகவும், செவ்வாயின் பதிவேட்டில் உரிமம் பெற்ற காவல் கலமாகவும் இருக்கலாம். இரண்டு பதிவேடுகளையும் வாசகருக்குக் காட்டிவிடுங்கள்.

தற்காப்பைப் பற்றி ஒரு சொல். சோழர் காலத்து ஐநூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்களுக்கென்று ஆயுதம் தாங்கிய வீரர்களை வைத்திருந்தன. விண்வெளியில் கூட்டமாகப் போவது தானாகவே அமைந்துவிடும். 26 மாதத்துக்கு ஒருமுறைதான் செவ்வாய்க்கு வழி திறக்கிறது என்றால் எல்லாக் கலங்களும் ஒரே சமயத்தில்தான் கிளம்பும். அப்படிக் கிளம்ப முடியாமல் பழுதாகித் தனியாகப் பின்தங்கும் கலத்தைத்தான் கொள்ளையன் தேடுவான்.

ஒரு சின்ன உலகம் செய்து பார்ப்போம்

இடம்: சீரிஸ். சிறுகோள் பட்டையிலேயே பெரியது, குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர். ஈர்ப்பு பூமியினுடையதில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே இறங்குவதும் ஏறுவதும் மலிவு. தரைக்கடியில் ஏராளமான பனிக்கட்டி. அதைப் பிரித்தால் எரிபொருளும் கிடைக்கும், மூச்சுக்காற்றும் கிடைக்கும். வெளிக்கோள்களுக்குப் போகும் கலங்கள் நின்று நிரப்பிக்கொள்ள நல்ல மதகு. அங்கே டெல்டாவிலிருந்து போனவர்களின் குடியேற்றம் ஒன்று. பூமியிலிருந்து வரும் சரக்கு வழியில் கடைசி ஊர் என்பதால் அதற்குக் கடைமடை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தண்ணீர் இருக்கிறது, வடிகட்டி இல்லை. கம்பெனி அனுப்பவேண்டிய சரக்கு இரண்டு முறை வரவில்லை. துறையில் கணக்குப் பார்க்கும் செண்பகம், புதிதாக வந்த பெட்டிகளில் எண் சுரண்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள். வாங்கிவந்தவர் அவளுடைய சித்தப்பா.

"இதெல்லாம் யாரோடது, சித்தப்பா?"

"நம்ம பிள்ளைங்க மூச்சு விடணும்ல, செண்பகம். முதல்ல மாட்டச் சொல்லு, அப்புறம் பேசிக்கலாம்."

இதுவரை ஒரு துப்பாக்கிகூட வரவில்லை. ஆனால் வழி, மதகு, வாங்கும் ஆள், தேவை எல்லாம் வந்துவிட்டன. இப்போது தூரத்தைச் சேருங்கள். சீரிஸிலிருந்து பூமிக்கு ஒரு செய்தி போய்ச்சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 13 நிமிடத்திலிருந்து 33 நிமிடம் வரை ஆகும். சிக்கனமான பாதையில் ஒரு கலம் வந்துசேர ஏறக்குறைய 15 மாதம். அந்தப் பாதை திறப்பதும் கிட்டத்தட்ட 15 மாதத்துக்கு ஒருமுறை. பூமியில் ஒரு விசாரணை அதிகாரி கிளம்பினால், அவர் எஞ்சினை எரித்த அன்றே கடைமடையில் இருக்கும் எல்லோருக்கும் அவர் வந்திறங்கும் தேதி தெரிந்துவிடும்.

கொள்ளைக் கலம் எப்படி இருக்கும் என்று இந்த இடத்தில் வரையத் தொடங்குங்கள். கடைமடைப் பணிமனையில் ஒட்டுப்போட்ட, பதிவு எண் இரண்டு முறை மாற்றி எழுதப்பட்ட ஒரு பழைய சரக்குக் கலமாகத்தான் அது இருக்க முடியும். அதிகாரி வருவதற்குள் அதற்கு மூன்றாவது எண் எழுதுவார்களா, அல்லது பெட்டிகளுக்குப் பணம் கொடுத்ததாக ஒரு ரசீது தயாரிப்பார்களா என்பது செண்பகம் கணக்குப் புத்தகத்தை யாரிடம் கொடுக்கிறாள் என்பதைப் பொறுத்தது.